சின்ன வயசுப் பாட்டும் ஆறு தட்டுக் கணக்கும்

"சின்ன வயசில் வீட்டில் கேட்ட பாட்டுதானே, ஒரே டேக்கில் பாடிவிடலாம்" என்று வரும் பாடகருக்குத்தான் ரெக்கார்டிங்கில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். மெட்டு மனசில் ஒட்டியிருக்கும். சொல்லும் தாளமும் பாதிதான் இருக்கும்.

அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1987-இல் ஸ்பானிஷில் பாடிய 'கான்சியோனெஸ் தே மி பாத்ரே' ஆல்பம் இதற்கு நல்ல பாடம். 'என் அப்பாவின் பாட்டுகள்' என்று பொருள். அத்தை லூயிசா எஸ்பினெல் 1946-இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் பெயரும் இதுவே. லிண்டா பிறந்தது அரிசோனாவின் டூசான் நகரில். தாத்தா மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர். வீட்டில் ஸ்பானிஷ் பாட்டு உண்டு, ஆனால் லிண்டாவுக்கு ஸ்பானிஷ் சரளமாகப் பேச வராது. ராக்கும் கன்ட்ரியும் பாடிப் பேர் வாங்கியபின், மரியாச்சி வர்காஸ் தே தெகாலித்லான் போன்ற மரியாச்சி (வயலின், டிரம்பெட், கிட்டார் வகைகள் சேர்ந்த மெக்சிகோ நாட்டுப்புற இசை) குழுக்களுக்கு நடுவே நின்று பாடினார்.

முதல் சிக்கல் நாக்கு. ஆங்கிலம் பழகிய வாய் 'ஓ'வை 'ஓவ்' என்று இழுத்து முடிக்கும். ஸ்பானிஷில் ஐந்தே உயிர், எதற்கும் வால் கிடையாது. 'தூ' (நீ) என்பதை 'டூ' என்றால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்துவிடும். சொற்களை ஒட்டுவதில்தான் பலர் வழுக்குவார்கள். 'போர் உன் அமோர்' (ஒரு காதலுக்காக) என்பதைப் பாடும்போது 'போ-ரு-ந-மோர்' என்று வர வேண்டும். நம் புணர்ச்சியில் மெய்மேல் உயிர் ஏறுவது போலத்தான். இரண்டு உயிர் சந்தித்தால் நாம் 'ய்', 'வ்' சேர்ப்போம். அங்கே இரண்டையும் ஒரே ஸ்வரத்தில் நெருக்கிவிடுவார்கள். நெருக்காமல் பிரித்துப் பாடினால் ஓர் அசை கூடி, வரி தாளத்துக்குப் பின்னால் போய்விடும்.

அடுத்தது உவாபாங்கோ என்ற மெக்சிகோ நாட்டுப்புறப் பாட்டு வகையின் தாளம். ஆறு தட்டு. அதையே 'தகிட தகிட' என்றும் போடலாம், 'தக தக தக' என்றும் போடலாம்; இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும். மரியாச்சியில் டிரம்ஸ் கிடையாது. சின்னக் கிட்டார் போன்ற ஐந்து நரம்பு விவேலாவும், இரண்டு நரம்பைச் சேர்த்து இழுத்து ஒரே ஸ்வரத்தை மேல், கீழ் ஸ்தாயியில் கொடுக்கும் பெரிய பேஸ் கிட்டாரான கித்தரோனும்தான் காலம் காட்டும். ராக் பாடகர் தாளம் காட்டும் ஸ்நேர் டிரம்மைத் தேடுவார். இல்லாததால் வயலினைப் பிடித்துக்கொள்வார். வயலின் மெட்டோடு நீளும், குழையும். அதை நம்பினால் தடுமாற்றம்தான். ஹெட்போனில் வயலினைக் குறைத்துக் கித்தரோனைக் கூட்டுங்கள், பாதி பிரச்சினை தீரும்.

நிஜமான சோதனை ஃபால்செத்தே, அதாவது மேல் குரலுக்குத் தாவிப் பாடுவது. அந்த ஆல்பத்தின் 'லா சிகார்ரா' பாட்டைக் கேளுங்கள். மார்புக் குரலிலிருந்து சட்டென்று மேல் குரலுக்குத் தாவி, அங்கேயே நீளமாக நிற்க வேண்டும். பாப் பாடுபவர்கள் இந்த இரண்டு குரலுக்கும் இடையிலுள்ள உடைப்பை மறைக்க வருஷக்கணக்கில் பழகியிருப்பார்கள். இங்கே அந்த உடைப்பு கேட்க வேண்டும், அதுதான் அழகு. தாவுவதற்கு முந்தைய ஸ்வரத்தைச் சுருக்கி, சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தாவுவதுதான் வழி. மார்புக் குரலையே மேலே தள்ளினால் தொண்டை இறுகும், சுருதி இறங்கும், நாலாவது டேக்கில் குரல் கரகரக்கும். அதனால் இந்த மாதிரிப் பாட்டை, குரல் சூடானதும், மற்றப் பாட்டுகளுக்கு முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

கீயையும் (பாட்டின் சுருதி) முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். குரலுக்காக அரை ஸ்வரம் ஏற்றினால், வயலினுக்கும் விவேலாவுக்கும் விரல் வைக்காத வெறும் நரம்பில் கிடைத்த கணீர் போய்விடும். குழு மங்கலாகக் கேட்கும். பாடகர் மைக்கைக் குறை சொல்வார். டிரம்பெட் இரண்டையும் மைக்கிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்ற காலத்திலேயே டிரம்பெட்காரர்களுக்குப் பின்வரிசைதான்.