91 பார்த்த வேலை

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து மூன்று நாளாகிறது. கணிதத்துக்கு பி. போன தடவை எஸ், ஆகக் குறைந்த சித்தி. 'ஏ' எடுத்தவர்கள் சிரிக்கலாம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் அம்மா நாலு வீட்டுக்குக் கேசரி கொடுத்தனுப்பினார், எனக்கு அது போதும்.

அந்த எஸ்ஸுக்கு ஒரு வருடமாக நான் திட்டிக்கொண்டிருப்பது ஓர் எண்ணை.

இரண்டாம் பத்திரத்தில் செவ்வகக் கணக்கு. சுற்றளவு 40, பரப்பளவு 91. சமன்பாடு ஒழுங்காகவே வந்தது. பெருக்கினால் 91, கூட்டினால் 20 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடித்தால் முடிந்தது. நான் தேடவே இல்லை. 91 முதன்மை எண், அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண், என்று மண்டையில் பதிந்திருந்தது. இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்துக்குப் போனேன். 20இன் வர்க்கமான 400இல் 4 × 91, அதாவது 364 போக 36, வர்க்கமூலம் 6, விடை 13, 7. சரியான விடை! ஆனால் 91க்கு 7 எப்படிக் காரணியாகும், எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன் என்று அத்தனையையும் வெட்டினேன். மறுபடி செய்தேன். மறுபடி 13, 7. மறுபடி வெட்டினேன். மணிக்கூட்டைப் பார்த்தால் இருபது நிமிடம் போய்விட்டது. திரிகோணகணிதத்தைத் தொடவே முடியவில்லை. ஏழையும் பதின்மூன்றையும் பெருக்கிப் பார்க்க ஐந்து வினாடி போதும், ஆனால் பதற்றத்தில் அது தோன்றாது.

அப்புறம் வீட்டில் இருந்து, 100 வரை எண்களை எழுதி மடங்குகளை வெட்டிச் சல்லடை போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. 2, 3, 5இன் மடங்குகளைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவோம். அவற்றில் அகப்படாமல் தப்பும் சேர்த்தி எண்கள் (வேறு காரணிகளும் உள்ளவை) மூன்றே மூன்று: 49, 77, 91. முதல் இரண்டும் வாய்ப்பாட்டில் இருக்கின்றன. நான் பாடமாக்கியது பன்னிரண்டு வரை. 7 × 13 அதற்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் 91 என்னை ஏமாற்றியது.

ஏழால் வகுபடுமா என்று பார்க்கக் கடைசி இலக்கத்தை இரட்டிப்பாக்கிக் கழிக்கும் முறையை ரியூசனில் சொல்லித்தந்தார்கள். எனக்கு அது மறந்துபோகும். நான் 70, 140 என்று தெரிந்த மடங்கைக் கழித்துவிடுவேன். 91இல் 70 போனால் 21. 119இல் 70 போனால் 49. 133க்கு 140இலிருந்து 7 குறைவு. அவ்வளவுதான்.

ஓர் எண் முதன்மை எண்ணா என்று ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்க்கும்போது எங்கே நிறுத்துவது என்பதையும் கவனியுங்கள். வர்க்கமூலம் வரை போதும், ஆனால் அது வரைக்கும் போயே ஆகவேண்டும். 199க்கு 13 வரை பார்த்தால் சரி, 17இன் வர்க்கம் 289. அது முதன்மை எண்தான். 221க்கு 11உடன் களைத்துப்போய் நிறுத்தினீர்களோ, தொலைந்தீர்கள்: 13 × 17.

மூன்று மணித்தியாலம் ஒரே இருப்பில் பாஸ்ட் பேப்பர் செய்யச் சொல்வார்கள். எனக்கு இருப்புக் கொள்ளாது. காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ் நிற்கும்போது, முன்னால் நிற்கும் வாகனத்தின் கடைசி மூன்று இலக்கங்களைப் பிரிப்பேன். 31 வரை பதினொரு முதன்மை எண்கள் தெரிந்தால் போதும். ஒருநாள் ஓர் ஆட்டோவில் 667. 7 இல்லை, 11 இல்லை, 13, 17, 19உம் இல்லை. பம்பலப்பிட்டி வந்த பிறகுதான் பிடிபட்டது: 23 × 29. பக்கத்தில் இருந்த ஐயா நான் வாய்க்குள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மற்றவை, சுருக்கமாக:

- 1 முதன்மை எண் அல்ல, அதற்குக் காரணி ஒன்றே ஒன்று. 1 முதல் 20 வரை அட்டைகள் என்று நிகழ்தகவில் வந்தால் முதன்மை எண்கள் எட்டு. ஒன்பது என்று போட்டால் வென் வரிப்படமும் சேர்ந்து சரியும்.
- காரணிகளைச் சோடி சோடியாக எழுதுங்கள். 72க்கு 1 × 72இல் தொடங்கி 8 × 9உடன் நிறுத்தலாம். பன்னிரண்டு காரணிகள், ஒன்றும் தவறாது.
- பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது), பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) குழம்புகிறதா? 12, 18க்கு 6, 36. இரண்டையும் பெருக்கினால் 216. 12 × 18உம் 216. மூன்று எண்களுக்கு இதை நம்பவேண்டாம்.
- இரவில் கணக்குச் செய்யாதீர்கள். எனக்குச் சரிவரவில்லை.

இந்தத் தடவை வினாத்தாளை வாங்கியதும் முதல் வேலையாக 91ஐத்தான் தேடினேன். எங்கேயும் இல்லை.