டிஃப்ராக் எது போடலாம்?
பழைய கம்ப்யூட்டருக்கு எந்த டிஃப்ராக் (டிஸ்க்கில் துண்டு துண்டா சிதறிக் கிடக்கிற ஃபைல்களை ஒண்ணா சேர்த்து அடுக்குறது) மென்பொருள் நல்லதுன்னு இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தான். முதல்ல உள்ளே இருக்கிறது சுத்துற ஹார்ட் டிஸ்க்கா, சுத்தாம சிப்பிலேயே சேமிக்கிற எஸ்எஸ்டியான்னு பாருப்பா. எஸ்எஸ்டின்னா அந்தப் பக்கமே போகாதே. அதில் முள் நகர்ந்து தேடுற வேலையே கிடையாது. சும்மா எழுதி எழுதி ஆயுள்தான் குறையும். எந்த இடம் இனி காலின்னு சொல்ற ட்ரிம் கட்டளையை விண்டோஸே அனுப்பிப் பார்த்துக்கும்.

சுத்துற டிஸ்க்னா விண்டோஸ் 10-லயே இருக்கிறது போதும், வாரம் ஒரு தடவை தானா ஓடும். ஒரே ஒரு பெரிய ஃபைலை மட்டும் சேர்க்கணும்னா டிஃப்ராக்ளர்ங்கிற மென்பொருள் வசதி. ரெஜிஸ்ட்ரி கிளீனரையும் (விண்டோஸோட அமைப்புப் பதிவுகளைச் சுத்தம் பண்றேன்னு சொல்றது) வால் பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற சாமான் எதுவும் வேண்டாம்.

(விண்டோஸ் 98-ல டிஃப்ராக் ஓடும்போது கலர் கட்டம் ஒவ்வொண்ணா நகர்றதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்த சுகம் இப்ப எதிலயும் இல்ல, அது வேற கதை.)

டிஸ்க் கடக் கடக்னு சத்தம் போட்டா மட்டும் டிஃப்ராக்கைத் தொடாதே. அது டிஸ்க் கெட்டுப்போற அறிகுறியா இருக்கலாம், முதல்ல பேக்கப் எடு.