ஸ்டோர்ஸ் பெண்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டோர்ஸ், ஊர் என்பதைவிடக் கிராமம். 1881இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய இடம், இன்றும் வளாகத்தை ஒட்டிய மேட்டில் மாடுகள் மேயும், பல்கலைக்கழகமே நடத்தும் டெய்ரி பாரில் ஐஸ்கிரீமுக்கு வரிசை நிற்கும். 12 தேசியப் பட்டங்கள் வென்ற பெண்கள் கூடைப்பந்து அணி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய பயிற்சி. அந்தப் பெண்களோடு மோதுவதற்கென்றே சாதாரண மாணவர்கள், பையன்கள், வகுப்புக்கு நடுவே வருவார்கள். தங்களைவிட உயரமான, வேகமான பையன்களின் கையைத் தாண்டிப் பந்தைக் கூடைக்குள் போட்டுப் பழகியவர்களை ஆட்டத்தில் யார் மிரட்ட முடியும்? அந்தப் பையன்களின் பெயர் பேப்பரில் வராது. எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை.

2017இல், தொடர்ந்து 111 ஆட்டங்கள் வென்றபின், மிசிசிப்பி ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் 66-64 என்று தோற்றார்கள். அன்று அழுதுவிட்டேன். அப்புறம் எத்தனையோ சீசன் காத்திருப்பு. 2025 ஏப்ரலில் தேசிய இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியை 82-59 என்று வென்றபோது, தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடிய பெய்ஜ் பெக்கர்ஸ், 1985 முதல் பயிற்சியாளராக இருக்கும் ஜீனோ ஓரியெம்மாவை இறுகக் கட்டிக்கொண்டார், நானும் மறுபடி அழுதேன்.