மூட்டுவாத ஊசிக்கு முன்னால் டி.பி. சோதனை எதற்கு?

முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பயாலஜிக் ஊசி, அதாவது உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கிற புரத மருந்து, என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அந்த வாரமே போட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். நடுவில் நிறைய இருக்கிறது. நோயைவிட அதுதான் என் பொறுமையைச் சோதித்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கிறேன். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இதில் ஊசியில் நூல் கோர்ப்பது எங்கே? சிக்குன்குனியா விட்டுப்போன வலி என்றார்கள் தெருவில். மாமியார் முடக்கத்தான் தோசையாகச் சுட்டுத் தள்ளினார். (தோசை நன்றாகத்தான் இருந்தது, வீக்கம் அப்படியே இருந்தது.) முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது.

முதலில் அந்தத் தாக்குதலை அடக்குகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள். மறந்துபோய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் மகள் காலண்டரில் புதன்கிழமைகளை வட்டம் போட்டு வைத்தாள். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் ஆசிடின் வேலையைத் தடுக்கிற மருந்து. அதனால் வருகிற வாய்ப்புண், குமட்டல் குறையத்தான் இந்த இரண்டாவது மாத்திரை. இரண்டுமே 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் உருவானவை. அவர் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். சென்ட்ரலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அளவைக் கூட்டியும் கணுக்கால் வீக்கம் வடியவில்லை. அப்புறம்தான் அடாலிமுமாப் ஊசி பற்றிப் பேச்சு வந்தது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கிற மருந்து. மூட்டுக்குள் இப்படித் தூண்டிவிடுகிற புரதங்கள் பல இருக்கும்போது ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்று கேட்டேன். லண்டன் கென்னடி நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் இதே கேள்வியைத்தான் ஆராய்ந்தார்கள் என்றார் டாக்டர். நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எஃபை அடக்கியதும் மற்ற சிலவும் கூடவே அடங்கினவாம். 1992-ல் முதல்முறையாக முடக்குவாத நோயாளிகளுக்கு அப்படி ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

சரி, போடுங்கள் என்றால், முதலில் டி.பி. கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கிற மாண்டூ டெஸ்ட் என்றார்கள். முன்கையில் சின்ன ஊசி போட்டு, இரண்டு மூன்று நாளில் தடிப்பை அளந்து பார்ப்பார்கள். எனக்கு நன்றாகவே தடித்திருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இருமலும் இல்லை. ஆனாலும் டி.பி. கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று அதற்கான ஐ.என்.எச். மாத்திரையும் வைட்டமின் பி6-ம் எழுதினார்கள். குறைந்தது ஒரு மாதமாவது அதைச் சாப்பிட்ட பிறகுதான் ஊசி.

கோபம்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் டி.பி. என்ற பேச்சு வந்தாலே டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள். தூங்கும் டி.பி. யாருக்கும் ஒட்டாது என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

காரணத்தை டாக்டர் நிதானமாகச் சொன்னார். கிருமியைச் சுற்றி நம் உடம்பு செல்களால் ஒரு மதில் கட்டி வைத்திருக்கும். அந்த மதில் இடியாமல் நிற்க டி.என்.எஃப். வேண்டும். அதை ஊசி போட்டுத் தடுத்தால் மதில் தளர்ந்து கிருமி வெளியே வரும். இந்த வகை ஊசி புழக்கத்துக்கு வந்த புதிதில் இப்படித்தான் நடந்தது. டி.என்.எஃபைத் தடுக்கிற இன்னொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்கு டி.பி. வந்ததாக 2001-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வெளியானது. முன்கூட்டியே சோதிக்கும் வழக்கம் வலுத்தது அதற்குப் பிறகுதான். டி.பி. இவ்வளவு பரவியிருக்கிற நம் ஊரில் இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்க நினைப்பது முட்டாள்தனம் என்றுதான் எனக்கும் பட்டது.

ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளும் நிமோனியா தடுப்பூசியும் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே முடிந்துவிட்டன.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, தோலுக்கு அடியில். 2014 டிசம்பரில் இந்தியத் தயாரிப்பு வந்த பிறகு விலை நிறைய இறங்கியிருக்கிறது, ஆனாலும் தையல் வருமானத்துக்கு இது பெரிய தொகைதான். ஊசியை ஐஸ் பேக்குடன் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்தால் பிறகு உருகினாலும் அதைப் போடக் கூடாது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் முதலில் நான் ஃப்ரிட்ஜ் கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்கிறேன். ஜுரமோ விடாத இருமலோ வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் மகள் அந்தக் காலண்டரிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.