மிஷன் பொடியன்கள்

நம்முடைய பழைய மாணவர் சங்க மலர்களை எடுத்துப் புரட்டினால் கிரிக்கெட், அதிபர்மார், பரிசளிப்பு விழா, யார் எந்த வருசம் பல்கலைக்கழகம் போனது, இதெல்லாம் இருக்கும். சிவானந்த வித்தியாலயத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ராமகிருஷ்ண மிஷன் ஆச்சிரமத்தைப் பற்றி யாரும் எழுதுவதாகக் காணோம். வீட்டிலிருந்து வந்து படித்தவர்களுக்கு அது பூசைக்கு வந்துபோகிற இடம், அவ்வளவுதான். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் மிஷன் மாணவர் இல்லத்தில் தங்கிப் படித்த எங்களுக்கு அது வீடு, அதுவும் நன்றாக வேலை வாங்குகிற வீடு. நான் 1978 சூறாவளிக்கு முந்தின ஆள். எனக்குத் தெரிந்தது அந்தக் காலத்து மிஷன்.

விடிய முன்னமே மணி அடிக்கும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மார்கழி மாரியில் கிணற்றடிக்குப் போவதென்றால் பல் கிடுகிடுக்கும். குளித்துவிட்டு நேரே பூப்பறிக்க வேண்டும். செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, மல்லிகை என்று கூடை நிறைய வேண்டும், மொட்டைப் பறிக்கக்கூடாது, மணந்து பார்க்கக்கூடாது, கீழே விழுந்ததை எடுக்கக்கூடாது. நம் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய விபுலானந்த அடிகளின் சமாதியில் அவருடைய ‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாட்டைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆண்டவன் அடிக்கு எந்தப் பூ ஏற்றது என்று கேட்டுக்கொண்டே போய், அவன் கேட்பது உள்ளக் கமலத்தைத்தான் என்று முடிகிற பாட்டு. அதை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நாங்கள், ‘அப்ப எதுக்கு எங்களை இந்தக் குளிருக்குள்ள எழுப்புறாங்க’ என்று பூமரத்தடியில் நின்று முணுமுணுப்போம். சுவாமிக்குக் கேட்டிருக்கும், கேட்காத மாதிரிப் போய்விடுவார்.

ராமகிருஷ்ண மடங்களில் குருதேவரை, அதாவது ராமகிருஷ்ணரை, உயிரோடு இருக்கிற ஒருவராக வைத்துத்தான் எல்லாம் நடக்கும் என்பது எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை, அங்கே இருந்து பழகியதில் தானாகப் புரிந்தது. காலையில் மங்கள ஆரத்தியோடு எழுப்புவார்கள், மதியம் அவருக்குப் படைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு, அப்புறம் அவர் ஓய்வெடுக்கிறார் என்று சந்நிதிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் விறாந்தையில் ஓடிப் பிடித்து விளையாடினால் கிடைக்கிற ஏச்சு, பூசை நடக்கும்போது கதைத்தால் கிடைக்கிற ஏச்சைவிடப் பெரிது. சாப்பாட்டுக்கு முன்னால் ‘பிரம்மார்ப்பணம்’ சொல்ல வேண்டும். பசி வயிற்றோடு நாங்கள் அதைச் சொன்ன வேகத்தில் கீதைச் சுலோகம் என்று ஒருவருக்கும் விளங்கியிருக்காது.

மாலை ஆரத்திதான் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. விளையாட்டை விட்டுவிட்டு, கால் கழுவி, திருநீறு பூசி வந்து உட்கார்ந்தால் ஆர்மோனியத்தில் ‘கண்டன பவ பந்தன’ தொடங்கும். விவேகானந்தர் 1898இல் தன் குருவின் மேல் பாடியது. பத்து வயசுப் பொடியனுக்கு ஒரு சொல் புரியாது, ஆனால் மெட்டு அப்படியே இழுத்துக்கொண்டு போகும். ஏகாதசி வந்தால் ராமநாம சங்கீர்த்தனம் வேறு உண்டு. குருதேவரின் சீடர் பிரம்மானந்தர் தென்னிந்தியாவில் கேட்டுப் பிடித்துப்போய் மடங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அது. ராமநாமம் பாடுகிற இடத்துக்கு அனுமார் வருவார் என்று ஒரு ஆசனத்தை வெறுமையாக விட்டுவைப்பார்கள். சின்ன வகுப்புப் பொடியன்கள் பாடாமல் அந்த ஆசனத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திருநாள் என்றால் வெளியாட்களுக்குப் பூசை, பஜனை, பிரசாதம். எங்களுக்கு அது முதல்நாள் இரவே தொடங்கிவிடும். குருதேவர் பிறந்தது 1836 பெப்ரவரி 18 என்று புத்தகத்தில் இருந்தாலும் ஜெயந்தி மாசி வளர்பிறைத் துவிதியையில்தான் வரும், ஆகவே எங்கள் சோதனைகளைப் பற்றிப் பஞ்சாங்கத்துக்குக் கவலையில்லை. தோரணம் கட்டுவது, பூசணிக்காய் வெட்டுவது, தேங்காய் திருவுவது, கிடாரம் கழுவுவது எல்லாம் நாங்கள்தான். திருவலையில் உட்கார இடம் பிடிக்கச் சண்டை வரும், உட்கார்ந்தால் வாயில் கொஞ்சம் தேங்காய்ப்பூவாவது போகுமே. ஆனால் படைக்க முன் வாயில் வைக்கக்கூடாது என்பதால் ஒரு அண்ணா எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி ஆட்கள் எல்லாம் வந்து பந்தியில் இருப்பார்கள். சுவாமிமாரே காவியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் அகப்பையுமாகப் பரிமாறுவார்கள். துறவி என்றால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் என்று நினைத்து வந்த எனக்கு, பருப்பு வாளி தூக்குகிற துறவிதான் மனதில் நின்றார்.

வாணி விழா, சிவராத்திரி எல்லாம் ஊர்க் கோயில்களில் நடக்கிற மாதிரித்தான், அதை நீங்களே அறிவீர்கள். நத்தார் இரவை மட்டும் சொல்ல வேண்டும். யேசுநாதர் படத்தை வைத்து, மெழுகுதிரி ஏற்றி, கேக் படைத்து, பைபிளில் இருந்து வாசிப்பார்கள். 1886 டிசம்பர் 24 அன்று வங்காளத்தில் ஆண்ட்பூர் என்ற கிராமத்தில் நரேந்திரரும் (பின்னாளில் விவேகானந்தர்) குருதேவரின் மற்றச் சீடர்களும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து துறவு பூணுவதாகச் சங்கற்பம் எடுத்தார்கள். அன்றைக்கு அவர் யேசுவின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம், அது நத்தாருக்கு முதல்நாள் இரவு என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த நெருப்பைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் தாரக். பின்னாளில் சிவானந்தர். அடிகளாருக்குச் சந்நியாசம் கொடுத்தவர் அவர், 1929இல் அடிகளார் தொடங்கிய நம் பள்ளிக்கூடத்தின் பெயரும் அவருடையதுதான். கேக்குக்காகக் காத்திருந்த எங்களில் எத்தனை பேர் இதைக் காதில் வாங்கினோமோ.

இங்கே லண்டனுக்கு வெளியே போர்ன் எண்டில் ராமகிருஷ்ண வேதாந்த நிலையம் இருக்கிறது. போகாதவர்கள் ஒரு தடவை மாலை ஆரத்திக்குப் போய்ப் பாருங்கள், வெள்ளைக்காரரும் வங்காளிகளும் நம்மவர்களும் சேர்ந்து அதே பாட்டைப் பாடுவார்கள். நான் புத்தகம் பார்க்காமல் பாடியதைப் பார்த்து என் மகளுக்கு ஆச்சரியம், கோயிலுக்குக் கூப்பிட்டாலே சாட்டுச் சொல்கிற அப்பா ஆயிற்றே.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒன்றுகூடலில் பிரதம விருந்தினர் உரைகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு அந்த நேரத்தை இந்த ஆரத்திக்குத் தாருங்கள். ஆர்மோனியம் நான் கொண்டுவருகிறேன். மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த மிஷன் பொடியன் யாராவது இந்த நாட்டில் இருந்தால் செயலாளருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள், எனக்குத் தாளம் நிற்காது.