டிஸ்க்குக்கு கிரெயின் பவுண்டரி வேணும், பிளேடுக்கு வேண்டாம்

மெட்டல் குட்டிக் குட்டி கிரிஸ்டல்களா இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு கிரெயின், ரெண்டு கிரெயின் சேர்ற எல்லைதான் கிரெயின் பவுண்டரி. கிரெயின் சின்னதா இருந்தா மெட்டல் ஸ்ட்ராங்கா இருக்கும்னு காலேஜ்ல ஹால்-பெட்ச் விதி சொல்லிக் கொடுக்குறாங்க, எல்லாரும் அதோட விட்டுடுறோம். ஜெட் இன்ஜினோட டர்பைன பிரிச்சுப் பாத்தா அது பாதிக் கதைதான்னு புரியும்.

பிளேடுகள மாட்டியிருக்குற சக்கரம்தான் டிஸ்க். அது பெரும்பாலும் இன்கோனெல் 718ங்குற நிக்கல் அலாய், சுமார் 650 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தாங்கும், அங்க பயம் ஃபெட்டீக் கிராக், அதாவது திரும்பத் திரும்ப லோடு ஏறி இறங்குறதுல வர்ற விரிசல், அதனால ரொம்பச் சின்ன கிரெயின்தான் வேணும். சாம்பிள கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணி காலிங்ஸ் ரீஏஜென்ட்ங்குற ஆசிட் கலவைல லேசா அரிக்க விட்டு (எட்ச் பண்ணி) மைக்ரோஸ்கோப்ல வச்சா கிரெயின்களுக்குள்ள நேர்கோடா ட்வின் (கிரிஸ்டல் அடுக்கு கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்புன பட்டை) தெரியும், பவுண்டரி ஓரமா குட்டிக் குட்டியா நிக்கலும் நியோபியமும் சேந்த டெல்டா ஃபேஸ் ஒட்டிட்டு இருக்கும். ஃபோர்ஜிங் சூட்டுல கிரெயின் வளராம புடிச்சு வைக்கிறது அந்த டெல்டாதான். அது அளவுக்கு மீறுனாலும் ஆபத்து, அலாய்க்கு பலம் குடுக்குற நுண்துகளான காமா டபுள் பிரைமுக்குப் போக வேண்டிய நியோபியத்த எல்லாம் அதுவே எடுத்துக்கும்.

பிளேடு கதை வேற. அதுவும் நிக்கல் அலாய்தான், நிக்கல் உருகுறது 1455 டிகிரில, பிளேடு மேல அடிக்கிற கேஸ் அதையும் தாண்டுன சூடு, உள்ள காத்து விட்டு கூல் பண்ணித்தான் ஓட்டுறாங்க. அந்த சூட்டுல அணுக்கள் பவுண்டரி வழியா சுலபமா நகரும், இழுவிசைக்கு குறுக்க இருக்குற பவுண்டரில குட்டி ஓட்டைகள் விழுந்து ஒண்ணோட ஒண்ணு சேந்து கிராக் ஆகிடும், சூட்டுல தொடர்ந்து இழுபட்டு மெல்ல மெல்ல நீளுற கிரீப் இப்படித்தான் முறிவுல முடியும். 1960கள்ல பிராட் அண்ட் விட்னில ஃபிராங்க் வெர்ஸ்னைடர் டீம் கிரெயின் எல்லாத்தையும் பிளேடோட நீளவாக்குல வளரவச்சாங்க, அப்புறம் பன்னிவால் மாதிரி சுருண்ட ஒரு வழில ஒரே ஒரு கிரெயின மட்டும் மேல ஏறவிட்டு பவுண்டரியே இல்லாம வார்த்தாங்க. 1982ல ஜேடி9டி-7ஆர்4 இன்ஜின்ல அது பயணிகள் விமானத்துக்கே வந்துடுச்சு.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுக்கு அடுத்தது. கார்பன், போரான், சிர்கோனியம் எல்லாம் பவுண்டரிய பலப்படுத்தத்தான் சேக்குறது, பவுண்டரியே இல்லைன்னா அதெல்லாம் எதுக்கு? எடுத்தாங்க, அலாய் உருக ஆரம்பிக்கிற டெம்பரேச்சர் ஏறுச்சு, ஹீட் ட்ரீட்மென்ட்ல இன்னும் சூடேத்தி பிளேடு அலாய்க்கு பலம் குடுக்குற காமா பிரைம் துகள்கள மொத்தமா கரைச்சு அரை மைக்ரான் சைஸ்ல ஒரே சீரான கட்டங்களா திரும்ப உருவாக்க முடிஞ்சுது. ஒரு அழகான எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம்னா அதுதான்.

ஆனா மோல்ட உடைக்கும்போது தட்டுன அழுத்தம் பிளேடுல தங்கிட்டா ஹீட் ட்ரீட்மென்ட்ல அந்த இடத்துல புதுசா கிரெயின் முளைக்கும், அந்த பவுண்டரிய காப்பாத்த போதுமான போரானும் இல்ல, அளவு மீறுனா பிளேடு ரிஜெக்ட்.