முதுகுப் பக்கம் யார் வரைந்தது?

ஓவியர் ஒரு பெண்ணை வரைகிறார். அவள் இடப்பக்கம் லேசாகத் திரும்பி நிற்கிறாள். கவுனின் முன்பக்கம் தெரிகிறது, முதுகு தெரியவில்லை. அதை வரைய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஆனால் அந்தப் படத்தை வைத்து ஒருவர் பொம்மை செய்ய உட்கார்ந்தால், வரையாமல் விட்ட பாதிக்கும் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பாணிப் பொம்மைகளில், அதிலும் ஒற்றை ஓவியத்திலிருந்து பிறந்த பொம்மைகளில், என் ஆசை முழுவதும் அந்த முதுகுப் பக்கத்தின் மேல்தான்.

நான் செங்கோட்டையில் தையல் கடை நடத்துகிறேன். முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர் இது. இன்றும் ஓணம் நெருங்கினால் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து துணி வந்து குவியும். தமிழும் மலையாளமும் கலந்துதான் அளவெடுப்போம். துணி எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் தொய்கிறது என்று பார்த்தே பழகிய கண் எனக்கு. அந்தக் கண்ணோடுதான் பொம்மைகளையும் பார்க்கிறேன்.

கடையில் நூல்கண்டு அடுக்கும் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் ஒருத்தி நிற்கிறாள். குடை பிடித்த பெண், 1/7 அளவு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணை 1/7 ஆக்கினால் 23 சென்டிமீட்டர் வரும். ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கிறாள். வலக்கை குடையை உயர்த்தியிருப்பதால் அக்குள் பக்கம் துணி மேலே ஏறி, இடுப்புத் தையல் ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறது. முதுகில் நாடாவை முடிச்சிட்ட இடத்தில் சுருக்கங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அங்கிருந்து கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றாக அகன்று, விளிம்பில் அகலமான மடிப்புகளாக விழுகின்றன. விளிம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல் அடியிலிருந்து பார்த்தால் மடித்துத் தைத்த தடிமன்கூடத் தெரிகிறது. படத்தில் இவற்றில் எதுவும் கிடையாது. துணியைத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

விலையைக் கேட்ட மதினி, "கொலுவில் வைக்கவா இத்தனை பணம்?" என்றார். பதில் சொல்லாமல் பொம்மையைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். மதினி கொக்கி, எம்மிங் வேலையெல்லாம் பார்ப்பவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இந்தப் பிள்ளை இதை எப்படிப் போட்டுக் கழற்றும்? கொக்கி எங்கே?" என்றார். இருவருமாகத் தேடினோம். இடக்கைக்கு அடியில், அக்குளிலிருந்து இடுப்பு வரை, ஊசி கீறியதுபோல் ஒரு கோடு. பக்கத் திறப்பு! அன்றிலிருந்து மதினி விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தப் பொம்மைகளின் முதல் மாதிரியைச் செய்பவரை ஜப்பானில் கென்கெய்ஷி என்கிறார்கள். முன்பு களிமண்ணிலும் மெழுகிலும் கையால் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கணினித் திரையில் செதுக்குகிறார்கள். பல நேரங்களில் ஓவியரும் மாதிரியைப் பார்த்துத் திருத்தம் சொல்வதுண்டு. ஆண்டுக்கு இருமுறை தோக்கியோவுக்குப் பக்கத்தில் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைக் கண்காட்சி நடக்கும்போது, வண்ணம் பூசாத சாம்பல் நிற மாதிரிகளை வைப்பார்கள். அந்தப் படங்கள் வெளியானால் எனக்கு வேலை ஓடாது. வண்ணம் ஏறாத மாதிரி, கோராத் துணியில் வெட்டி ஒட்டுத் தையல் போட்டுப் பார்ப்பது மாதிரிதான். பூவேலை, சரிகை என்று கண்ணை மயக்க எதுவும் இல்லாததால், வெட்டு சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும்.

முகம்தான் பெரிய சிக்கல். அனிமே ஓவியத்தில் மூக்கு ஒரு புள்ளி, வாய் ஒரு கோடு, கண்கள் பாதி முகம். பக்கவாட்டில் வரையும்போது ஓவியர் வாயைக் கொஞ்சம் கன்னத்துப் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். நேராக வரையும்போது நடுவில் வைக்கலாம். பொம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே முகம், அதே பெண். அதற்காகக் கன்னத்தின் வளைவையும் தாடையையும் கண்குழியின் ஆழத்தையும் மயிரிழை மயிரிழையாகச் சரிசெய்கிறார்கள். கண்களைப் பெரும்பாலும் அச்சாகத்தான் பதிக்கிறார்கள். அது சற்று விலகினாலும் பார்வை கோணிவிடும். கூந்தல் நுனியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்க்கும் வழக்கமும் உண்டு. மாலை வெயில் கடைக்குள் சாயும்போது என் குடைக்காரியின் நுனிமுடியில் அந்த வெளிச்சம் இறங்கும்.

முதுகையும் பார்க்கும் இந்த ரசனை எங்கள் பக்கத்துக்குப் புதியதும் அல்ல. குற்றாலத்துச் சித்திரசபையில் நடராசர் சுவரோவியமாகவே ஆடுகிறார். முன்னால் நின்று மட்டும்தான் கும்பிட முடியும். உற்சவர் சிலைகளை வார்த்த ஸ்தபதிகளோ, வீதியுலாவில் சாமி கடந்துபோன பிறகும் மக்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று தெரிந்தவர்கள். அதனால்தான் பின்னந்தலையில் சிரச்சக்கரமும் தோளில் புரளும் சுருள்முடியும் அத்தனை நேர்த்தி.

இனி பணம். இன்று 1/7 அளவுப் பொம்மைகள் பல 20,000 யென்னைத் தொட்டோ தாண்டியோதான் விற்கின்றன. அதற்கு மேல் அஞ்சல் செலவு, அதற்கு மேல் சுங்கம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆக்கினார்கள். குழந்தைகள் உருட்டி விளையாடும் காரையும், ஒரு கலைஞர் மாதக்கணக்கில் உழைத்த உருவத்தையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. அதனால் சேர்த்துவைத்து எப்போதாவது ஒன்று வாங்குகிறேன். முதுகுப் பக்கப் படம் போடாத கடையில் வாங்குவதே இல்லை. மலிவான போலிகளை முதுகே காட்டிக்கொடுத்துவிடும்: ஒட்டிய இடத்தில் இடைவெளி, மடிப்புக்குள் ஏறாத வண்ணம்.

வைத்துக் காப்பதும் ஒரு வேலைதான். பி.வி.சி. என்பதால் சித்திரை வெயிலில் கணுக்கால் இளகி உருவம் சாயலாம். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நேர் வெயிலில் நிறம் போகும். சாரல் காலத்தில் அலமாரியை வாரம் ஒருமுறை திறந்து துடைத்துவிடுகிறேன்.

போன ஓணத்துக்குப் பிறகு புனலூரிலிருந்து கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். கைப்பேசியில் ஓர் அனிமே ஓவியம். கல்லூரி விழாவுக்கு அதே உடை வேண்டுமாம். முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. "பின்பக்கம் உங்கள் இஷ்டம், சேச்சி" என்றாள். எத்தனை பெரிய வேலையைக் கையில் கொடுக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அலமாரியைத் திறந்து குடைக்காரியை எடுத்து மேசையில் திருப்பி நிறுத்தினேன். மதினியும் வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் படத்திலும் ஒரு கை உயர்ந்திருந்தது. ஜிப்பை இடப்பக்கம் அக்குளுக்கு அடியில் வைத்தோம், உயரும் கைக்கு அடியில் குறுக்குவாட்டாக வெட்டிய துண்டு ஒன்றைச் சேர்த்தோம், முதுகில் நாடா முடிச்சு. அதற்குக் கீழே நெருக்கமாகத் தொடங்கி விளிம்பில் அகலும் மடிப்பு. போட்டுப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இடுப்புத் தையல் ஒரு நூல் சாய்ந்தது.

பாக்கெட் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். படத்திலும் இல்லை, குடைக்காரியிடமும் இல்லை. வலப்பக்க மடிப்புக்குள் வைத்துக் கொடுத்தேன்.